அட்டைப்படத்துக் குடிகாரன்

எனக்கு அநியாயம் செய்தவரின் பெயரை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: கலாநிதி தயாபரன். இவனுக்கு வயதாகிவிட்டது, மறந்துபோயிருப்பான் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. குடியைப் பற்றி ஆராய்ச்சி செய்வது அவர் தொழில். அந்த ஆராய்ச்சிக்காக மழையில் நனைந்து, நாய்க்குப் பயந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்குவது என் தொழில். இரண்டும் ஒரே தொழில்தான் என்று மேடையில் சொல்வார். இறங்கியதும் அவர் வேனில் ஏறிக்கொள்வார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து வாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து, எழுதப் படிக்கத் தெரியுமா, சிங்களம் பேசுவீர்களா, குடிப்பீர்களா என்று மூன்று கேள்வி கேட்டார்கள். மூன்றாவதற்கு இல்லை என்று சொன்னவன் நான் ஒருவன்தானாம். அப்படித்தான் 'கள உதவியாளர்' ஆனேன். பதினோரு வருடம். நோட்டன் பிரிட்ஜ், கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் நான் கதவைத் தட்டாத லயம் குறைவு. வாசகர்களில் யாராவது ஒரு கட்டுப் படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருந்தால், அது குடிசன மதிப்பீடோ, வாக்காளர் பதிவோ, டெங்கு நுளம்போ, எதுவானாலும் சரி, நீங்கள் என் ஆள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அலகு

படிவத்தின் முதல் கேள்வி இது: 'கடந்த ஏழு நாட்களில் எத்தனை அலகு மதுபானம் அருந்தினீர்கள்?' யாரோ இங்கிலீசில் எழுதியதை இன்னொருவர் தமிழாக்கியது. இரண்டு பேருமே லயத்துப் பக்கம் வந்ததில்லை என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரியும். நான் முதல்முதல் அதைக் கேட்டது, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆறுமுகம் என்பவரிடம். அலகு என்றால் என்ன என்றார். படிவத்தின் பின்பக்கத்தில் விளக்கம் இருந்தது. இத்தனை மில்லிலீட்டர் தூய மதுசாரம் என்று வாசித்துக் காட்டினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சாராயம் என்றால் கால் போத்தல், அரை போத்தல், கசிப்பு என்றால் கிளாஸ், இந்த அலகு எந்தக் கடையில் விற்கிறது, தூரமா என்று விசாரித்தார்.

மூன்று தரம் கேட்டும் "ஏதோ கொஞ்சம்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கொஞ்சத்தை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. அன்றுதான் இந்தத் தொழிலின் ரகசியத்தைக் கற்றேன்: குடித்தவரைக் கேட்கக் கூடாது, அவர் வீட்டுக்காரியைக் கேட்க வேண்டும். இதை நான் தயாபரன் சேரிடம் சொன்னதும், அவர் புது ஆய்வு முறை என்று வெளிநாட்டில் போய்ப் பேசிவிட்டு வந்ததும் வேறு கதை. ஆறுமுகத்தின் மனைவி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வெள்ளிக்கெழம கால், சனிக்கெழம அரை, எழுதிக்கங்க. ஞாயித்துக்கெழம எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது, ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தாங்க, அத எத்தன அலகுன்னு நீங்களே பாத்துப் போட்டுக்கங்க."

நீல வாளி

ஒரு வருடம் புது ஏற்பாடு வந்தது. குடிக்கிறவர் இருக்கும் வீடுகளில் ஒரு மணிநேரம் கேள்வி கேட்க வேண்டியிருந்ததால், அந்த வீடுகளுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் அதற்குள் ஒரு சவர்க்காரமும் அன்பளிப்பு. முதல் நாள் மூன்று லயத்தில் ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன். மறுநாள் காலை பீலிக்கரையில் ஏழு புது வாளி வரிசையாக நின்று தண்ணீர் பிடித்தது. தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் அந்த மூன்று லயத்திலும் குடிக்காத ஆண் ஒருவர்கூட இல்லாமல் போனார். சுருட்டுக்கூடத் தொடாத ஆட்களை மனைவிமார் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இவரும் குடிப்பாருங்க, வெக்கத்துல சொல்ல மாட்டாரு" என்றார்கள்.

எனக்குத் தெரிந்ததை நான் சேருக்குப் போனில் சொன்னேன். இது குடி இல்லை, வாளி என்று. தரவில் நாங்கள் கை வைக்கக் கூடாது என்றார் அவர். அந்த வருட அறிக்கையில் 'எதிர்பார்த்ததை விட மிக அதிகமான மதுப்பாவனை' என்று வந்தது. அதற்குக் காரணம் கண்டுபிடிக்க இன்னொரு ஆய்வுக்குப் பணமும் வந்தது. அந்தக் கணக்கில் சேர்ந்த கடைசி ஆள் எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி. நெற்றியில் விபூதி காயாமல் வந்து நின்றவர் சொன்னது இது:

"பூசாரியும் குடிப்பாருன்னு எழுதிக்க செல்லமுத்து, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. வாளி மட்டும் நீலக்கலரா பாத்துக் குடு."

மூன்று மைல்

தயாபரன் சேர் வருடத்துக்கு ஒருமுறை நேரில் வருவார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நான் அவரைச் சேர் என்பேன். ஒருமுறை எங்கள் லயத்துக்கே வந்து, பக்கத்துக் காம்பராவில் இருக்கும் என் தம்பி ராசுவிடம் பேச உட்கார்ந்தார். ராசு குடிப்பான். குடித்துவிட்டு யாரையும் அடிக்கிறவன் இல்லை. சம்பளத்தோடு புறப்பட்டால் வீடு வந்து சேரமாட்டான், அவ்வளவுதான். ஏன் குடிக்கிறீர்கள், குளிரா, உடம்பு வலியா, நூற்றைம்பது வருட ஒடுக்குமுறையா, பண்பாட்டு வெறுமையா என்று சேர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ராசு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். அவ்வளவு நல்ல காரணங்களை அவனுக்கு அதுவரை யாரும் எடுத்துக் கொடுத்ததில்லை.

கதவோரம் நின்ற அவன் சம்சாரம் சரசுவுக்குப் பொறுக்கவில்லை. அவள் கொழுந்து பறிக்கிறவள். காரணம் அதெல்லாம் இல்லை, சம்பளம் கொடுக்கிற கந்தோருக்கும் லயத்துக்கும் நடுவில் ரோட்டு முடக்கிலே நாலு வருடத்துக்கு முன்னால் திறந்த சாராயத் தவறணைதான் காரணம் என்றாள். அதற்கு முன்பு தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும்தான் குடித்தாராம். தவறணையைத் தூக்கிக் கீழே டவுனில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். "மூணு மைலு எறங்கிப் போயி குடிச்சிட்டு மூணு மைலு ஏறி வாற அளவுக்கு இந்த மனுசனுக்கு மேலு வணங்காதுங்க சேர்." சேர் அதை எழுதி இரண்டு தரம் அடிக்கோடு போட்டார். பிறகு அது அறிக்கையில் ஐந்தாம் அத்தியாயமாக, ஒரு வரைபடத்தோடு, 'கிடைப்புத்தன்மை' என்ற தலைப்பில் வந்தது. சரசுவின் பெயர் வரவில்லை.

சரசு சும்மா இருக்கிறவள் இல்லை. தவறணைக்கு வருடாவருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பார்கள், எதிர்ப்பு இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், விசாரிப்பார்கள் என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன். ஒரு கிழமைக்குள் கொழுந்து மலையிலேயே அத்தனை பெண்களிடமும் கையெழுத்து வாங்கிவிட்டாள். ஆனால் முதல் கையெழுத்து ஓர் ஆம்பளையுடையதாக இருக்க வேண்டும், அதுவும் "இவன் என் கடைக்கு வருகிற ஆள்தானே" என்று தவறணை முதலாளி சொல்ல முடியாத ஆம்பளையாக இருக்க வேண்டும் என்பது அவள் யோசனை. மனுவைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் போடணும் மாமா. இந்தத் தோட்டத்துல தவறணைக்குள்ள காலு வைக்காத ஆம்பள, கோயில்ல நிக்கிற முனியாண்டி செலைய விட்டா நீங்க ஒருத்தருதான்."

பிளேன்டீ

சேர் வந்த அந்த நாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரோடு ஒரு கமராக்காரரும் வந்திருந்தார். படத்தில் விழுகிற ஒவ்வொருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அதைக் கொடுத்து வாங்குவது என் வேலை. பதினோரு வருடத்தில் எத்தனையோ பேரிடம், "ஒண்ணுமில்லைங்க, சும்மா ஒரு கையெழுத்து" என்று சொல்லி வாங்கியிருக்கிறேன். யாரும் வாசித்ததில்லை. நானும் வாசித்ததில்லை. அன்று எல்லாம் முடிந்த பிறகு கமராக்காரர் ஒரு படிவத்தை என் பக்கம் நீட்டினார். பழக்க தோசம், வாங்கிக் கையெழுத்து வைத்து அவரிடமே கொடுத்தேன்.

காலை ஆறு மணியிலிருந்து மழையில் ஏறி இறங்கியவன், அப்போதுதான் லயத்து வாசல்படியில் குந்தினேன். சட்டை நனைந்திருந்ததால் பட்டனைக் கழற்றிவிட்டிருந்தேன். ஒரு செருப்பின் வார் அறுந்து, ஒரு கால் வெறும் காலாக இருந்தது. சரசு ஒரு கண்ணாடிக் கிளாசில் பால் விடாத பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். சூட்டுக்கு ஊதிக்கொண்டே கண்ணை மூடினேன். படம் எடுத்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

மனுவை அனுப்பி, விசாரணைக்கு நாள் வருவதற்குள் சேரின் அறிக்கை புத்தகமாக வந்துவிட்டது. வழவழப்பான தடித்த அட்டை. அதில் முழுப் பக்கத்துக்கு நான். அவிழ்ந்த சட்டை, ஒற்றைச் செருப்பு, மூடிய கண், கையில் கிளாஸ். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'மதுவுக்கு அடிமையான தோட்டத் தொழிலாளி ஒருவர்' என்று இருந்தது. தேயிலை விளைகிற மலைக்கு வந்து, தேத்தண்ணியைப் பார்த்துச் சாராயம் என்று எழுதிய மேதைகளை நீங்கள் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். சரசு அழுதாள். தன் கையால் ஊற்றியது என்பதால் தன் மேல்தான் தப்பு என்று அவளுக்கு ஓர் எண்ணம். ராசு புத்தகத்தை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது பொறாமை என்று நான் சத்தியம் செய்வேன்.

"முப்பது வருசமா குடிக்கிறேன், என்னைய ஒருத்தன் படம் புடிக்கல. ஒனக்கு வந்த வாழ்வப் பாருண்ணே."

தவறணைச் சுவர்

அந்தப் புத்தகத்தைச் 'சம்பந்தப்பட்ட சகல தரப்புக்கும்' அனுப்பிவைத்தார்களாம். சாராயம் விற்கிறவரும் ஒரு தரப்பு. தவறணை முதலாளி லயனல் கினிகத்தேனைப் பக்கத்து ஆள். பேச்சில் தேன் ஒழுகும். அவர் அட்டையை மட்டும் கத்தரித்து, கல்லாவுக்குப் பின்னால், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். கேள்விப்பட்டு வேகமாக இறங்கிப் போனேன். வாசல் வரை போன பிறகுதான் எனக்கு உறைத்தது: அதைக் கிழிக்க வேண்டுமென்றால் நான் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால், தவறணைக்குள் கால் வைக்காத ஆள் என்று சரசு என்னை முதலில் போட்ட மனு என்னாவது?

ரோட்டில் நின்றபடியே சத்தம் போட்டேன். உள்ளே இருந்தவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் படத்துக்குக் கிளாசைத் தூக்கிக் காட்டினார். லயனல் எழுந்து வாசலுக்கு வந்து, கதவை இன்னும் நன்றாகத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்:

"உள்ளே வந்து கிழிச்சிட்டுப் போங்க ஐயா, நான் தடுக்க மாட்டேன் தானே."

நுவரெலியா விருந்து

புத்தக வெளியீடும் மதுக் கொள்கை பற்றிய கருத்தரங்கும் நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தன. புத்தகக் கட்டுகளைத் தூக்க என்னையும் வரச் சொன்னார்கள். சேரைப் பிடித்து ஒரு திருத்தம் போடச் சொல்லலாம் என்று போனேன். போன இடத்தில் எனக்கு நடந்த மரியாதை என் வாழ்நாளில் நடந்ததில்லை. அட்டையைப் பார்த்த கையோடு என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். ஓர் அதிகாரி அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, விட்டு எத்தனை மாதம் ஆகிறது என்றார். நான் எப்போதும் குடித்ததில்லை அம்மா என்றேன். அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துத் துக்கமாகத் தலையாட்டினார். இல்லை என்று மறுப்பதுதான் இந்த நோயின் முதல் அடையாளமாம். அது மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறதாம்.

மாலை ஐந்து மணிக்குப் புல்தரையில் விருந்து. மதுவைக் கட்டுப்படுத்த அன்று காலையிலிருந்து பேசிக் களைத்தவர்கள் கையில் ஆளுக்கொரு கிளாஸ் இருந்தது. அதில் இருந்தது தேத்தண்ணி இல்லை. நான் சேரிடம் போய், படத்தை எடுக்க முடியாவிட்டால் ஒரு வரித் திருத்தமாவது போடுங்கள் என்று கேட்டேன். "கோவிக்காதேங்கோ செல்லமுத்து, அந்தப் படத்தில இருக்கிறது நீங்கள் இல்லை, உங்கட சமூகம்" என்றார். அப்படியானால் இப்போது உங்களை இந்தக் கிளாசோடு ஒரு படம் எடுத்து, படித்தவர்கள் சமூகம் என்று போடலாமா என்று கேட்டேன். அவர் யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் போய்விட்டார். அந்த நேரம் தட்டில் கிளாசுகளை ஏந்தி வந்த ஹோட்டல்காரர், எங்கள் பக்கத்து ஆள்தான், என்னைக் கண்டதும் தட்டைத் தூரமாகத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார். பிறகு ஓடிப்போய் ஒரு தோடம்பழச் சாறு கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"அதெல்லாம் ஒங்களுக்கு வேணாங்கய்யா, பாவம், எவ்வளவோ கஷ்டப்பட்டு விட்டிருப்பீங்க."

விசாரணை

விசாரணைக்குச் சரசு ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, தீபாவளிச் சீலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கூட வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வெளி விறாந்தையில் நின்றார்கள். லயனலுக்கு ஒரு சட்டத்தரணி இருந்தார், தமிழர். அவர் அதிகம் பேசவில்லை. மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டார். நான் எழுந்தேன். அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அட்டை மேலே தெரிகிற மாதிரி, விசாரிக்கிற அதிகாரியின் மேசையில் வைத்தார். அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

அது தேத்தண்ணி என்றேன். யாரோ சிரித்தார்கள். ஊற்றியது நான்தான் என்று சரசு சொன்னாள். நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று சட்டத்தரணி கேட்டார். அவள் சொன்னதும், சரி என்று உட்காரச் சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. அதே புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பி, தவறணைகள் லயங்களிலிருந்து தூரத்தில் இருக்க வேண்டும் என்று கலாநிதியே எழுதியதை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் ஐந்தாம் அத்தியாயம் வரை போயிருக்கிறேன், அந்த அறையில் வேறு யாரும் அட்டையைத் தாண்டவில்லை என்பது அப்போது தெரிந்தது. சட்டத்தரணி மட்டும் அசையவில்லை. "உள்ள இருக்கிறது அபிப்பிராயம், மேல இருக்கிறது போட்டோ" என்றார்.

அந்த வருடத்துக்கு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட்டது. அதிகாரி கெட்டவர் இல்லை. போகும்போது எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்:

"அடுத்த வருசம் மறுபடி வாங்க. இந்தப் புத்தகம் எழுதினவர்கிட்ட இது தேத்தண்ணின்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி, கையெழுத்தோட வாங்கிட்டு வாங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

ஒழுக்கக் குழு

ஒரு வரிதானே என்று நினைத்தேன். இருநூறு பக்கம் எழுதியவருக்கு ஒரு வரி என்ன பெரிய காரியம்? அவர் சிரமப்பட வேண்டாம் என்று நானே எழுதி, கையெழுத்து வைக்க மட்டும் இடம் விட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்: 'அட்டைப்படத்தில் இருப்பவர் என் கள உதவியாளர் செல்லமுத்து. அவர் குடிப்பவர் அல்ல. கையில் இருப்பது தேத்தண்ணி.' மூன்று வரியாகப் போய்விட்டது, அது என் தப்பு. பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். நாலாவது கடிதத்துக்குப் பிறகு சேரே போன் எடுத்தார்.

குரலில் அவ்வளவு அக்கறை. எனக்கு உதவ அவருக்கு மனம் நிறைய ஆசையாம். ஆனால் ஆய்வுகளை மேற்பார்வை செய்கிற ஒழுக்கக் குழுவின் விதிப்படி, ஆய்வில் கலந்துகொண்ட ஒருவரின் பெயரை எந்தக் காரணம் கொண்டும் வெளியிட மாட்டோம் என்று ஒப்புதல் படிவத்தில் உறுதி கொடுத்திருக்கிறதாம். அந்தப் படிவத்தில் நான் கையெழுத்து வைத்திருக்கிறேனாம். முகத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டீர்களே என்று கேட்டேன். முகத்துக்கு அனுமதி இருக்கிறதாம், பெயருக்குத்தான் இல்லையாம். நான்தான் அந்த ஆள், நானே சொல்கிறேன், பெயரைப் போடுங்கள் என்று கத்தினேன். அவர் பொறுமையாக இருந்து கேட்டார். நான் எத்தனையோ பேரிடம் வாசிக்காமல் கையெழுத்து வாங்கியவன், அதனால் இந்த இடத்தில் எனக்கு வாய் கொஞ்சம் அடைத்துப்போனதை மறைக்கப் போவதில்லை. கடைசியில் அவர் சொன்னார்:

"உங்களைப் பாதுகாக்கத்தான் இந்த விதி, செல்லமுத்து. உங்கட பேரை நான் எழுதினால் உங்களுக்கு அநியாயம் செய்ததா ஆகிடும்."

கிளாசில் இருப்பது

போன மாதம் சம்பளத்துக்கு மறுநாள் பின்னேரம், ராசு தவறணை முடக்கில் வழுக்கி ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் விழுந்தான். நல்ல மழை. தோள் எலும்பு முறிந்துவிட்டது. லயனல்தான் தன் த்ரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அதையும் சொல்ல வேண்டும். ராசு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு காம்பராவில் படுத்திருக்கிறான். ஓர் ஆள் சம்பளத்தில் ஓடுகிறது வீடு. கை சரியானதும் முதலில் எங்கே போவான் என்பது அவனுக்கும் தெரியும், சரசுவுக்கும் தெரியும். அடுத்த விசாரணைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

சரசு என்னிடம் கோபித்துப் பேசியதே இல்லை. அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார்ந்து, போனில் சேர் சொன்னது முழுவதையும் மறுபடி ஒருதரம் சொல்லச் சொன்னாள். பெயர் போடக் கூடாது என்கிறாரா என்றாள். ஆமாம் என்றேன். பதினோரு வருடம் ஆராய்ச்சியில் இருந்த எனக்கும், அதற்கு மேல் இருந்த கலாநிதிக்கும், அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

"ஒங்க பேரும் வேணாம், மொகமும் வேணாம் மாமா. அந்தக் கிளாசுல இருக்கிறது என்னான்னு மட்டும் எழுதச் சொல்லுங்க, கிளாசுக்கு என்ன பேரா ஊரா?"

அன்றே எழுதி அனுப்பினேன். இந்த முறை உண்மையாகவே ஒரு வரிதான்: 'அட்டைப்படத்திலுள்ள கிளாசில் இருப்பது தேத்தண்ணி.' ஒரு கிழமையில் சேரின் கந்தோரிலிருந்து அச்சடித்த கடிதம் வந்தது. கோரிக்கை கிடைத்தது, கிளாசும் ஆய்வுத் தரவில் அடங்குமா என்பதை ஒழுக்கக் குழு அடுத்த கூட்டத்தில் ஆராயும் என்று இருந்தது. கூட்டம் எப்போது என்று விசாரித்தேன். விசாரணைக்கு மூன்று கிழமை கழித்து. சரசு கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து, மனுக் கட்டோடு வைத்துக் கட்டினாள். புது மனுவுக்குக் கையெழுத்து வாங்க நேற்றிலிருந்து மறுபடி மலையில் இறங்கியிருக்கிறாள். முதல் வரியை எனக்கென்று காலியாக விட்டிருக்கிறாள்.

பதினோரு வருடமாக இந்த மலை முழுவதும் குடிகாரர்களிடம் உண்மையை வாங்கி எழுதிக் கொடுத்த எனக்கு, ஒரு கலாநிதியிடமிருந்து வரவேண்டிய ஒரு வரி இன்னும் வந்து சேரவில்லை.